கோஸ்ட் இன் த ஷெல் (1995 திரைப்படம்)

கோஸ்ட் இன் த ஷெல் என்பது 1995 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆம் நாள் ஜப்பானில் வெளியான அறிவியல் புனைவு அனிமே திரைப்படம் ஆகும். மசாமுனே ஷிரோ 1989 ஆம் ஆண்டு முதல் தொடராக வெளியிட்ட மங்கா வரைகதையைத் தழுவி மமோரு ஓஷீ இதனை இயக்கினார். உடல் முழுவதும் செயற்கையாக்கப்பட்ட ஒருவரிடம் "நான்" என்று சொல்லத்தக்கது எது எஞ்சியிருக்கும் என்னும் வினாவே இப்படத்தின் மையம். இவ்வினாவை உரையாடல்களால் மட்டுமன்றி நீர், கண்ணாடி, பொம்மை, மழையில் நனைந்த நகரம் முதலிய காட்சிப் படிமங்களாலும் எழுப்புவது இப்படத்தின் தனித்தன்மை எனலாம். அனிமே வரலாற்றில் அதிகம் ஆராயப்பட்ட படங்களுள் இதுவும் ஒன்றாகும்.

படத் தகவல்கள்

இயக்கம்: மமோரு ஓஷீ
மூலக்கதை: மசாமுனே ஷிரோ
திரைக்கதை: கசுனோரி இத்தோ
பாத்திர வடிவமைப்பு: ஹிரோயுக்கி ஒக்கியூரா
கலை இயக்கம்: ஹிரோமாசா ஒகுரா
இசை: கென்ஜி கவாய்
அசைவூட்டம்: புரொடக்ஷன் ஐ.ஜி.
மொழி: ஜப்பானிய மொழி
நீளம்: ஏறத்தாழ 82 நிமிடங்கள்

பெயர்

இப்படத்தின் ஜப்பானியப் பெயர் "கோகக்கு கிடோத்தாய்" என்பதாகும். தாக்கும் கவசமுடைய நடமாடும் காவற்படை என்று இதற்கு ஏறத்தாழப் பொருள் கொள்ளலாம். ஆங்கிலப் பெயரின் பொருள் "ஓட்டினுள் ஆவி" என்பது. இப்பெயர், எழுத்தாளர் ஆர்தர் கோஸ்ட்லர் 1967 இல் வெளியிட்ட "இயந்திரத்தினுள் ஆவி" என்று பொருள்படும் தலைப்புடைய நூலை நினைவூட்டுவது. அத்தொடரை முதலில் கையாண்டவர் கில்பர்ட் ரைல் என்னும் பிரித்தானிய மெய்யியலாளர். உடல் வேறு, உள்ளம் வேறு என்ற டேக்கார்ட்டின் கொள்கையை எள்ளி நகையாடும் பொருட்டே 1949 இல் அவர் அதனைப் பயன்படுத்தினார்.

ரைல் ஏளனமாகச் சொன்னதை இப்படம் மெய்யான வினாவாக எடுத்துக்கொள்கிறது. கதையில் ஒருவரின் தன்னுணர்வும் தனித்தன்மையும் "கோஸ்ட்" என்ற சொல்லாலும், அதனைத் தாங்கும் உடல் "ஷெல்" என்ற சொல்லாலும் குறிக்கப்படுகின்றன. தமிழில் "ஆவி" என்னும் சொல் உயிர், பேய் ஆகிய இரு பொருளையும் தருவதால் முதற்சொல்லுக்கு ஓரளவு பொருந்துகிறது. இக்கட்டுரையில் அச்சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

கதைச் சுருக்கம்

குறிப்பு: இப்பகுதியில் கதையின் முடிவும் கூறப்பட்டுள்ளது.

கதை 2029 ஆம் ஆண்டில் நியூ போர்ட் சிட்டி என்னும் கற்பனை நகரில் நிகழ்கிறது. மக்களுள் பலர் தம் மூளையை நேரடியாகக் கணினி வலையமைப்புடன் இணைத்துள்ளனர். சிலர் உறுப்புகளையும், சிலர் உடல் முழுவதையுமே செயற்கையாக மாற்றியுள்ளனர். இதனால் ஒருவரின் மூளைக்குள் அத்துமீறி நுழைந்து அவரது நினைவுகளை மாற்றுவதும் இயலக்கூடிய குற்றமாகிவிட்டது.

பொதுப் பாதுகாப்புப் பிரிவு 9 என்னும் அரசின் மறைமுகப் படைக்குக் களத்தில் தலைமை தாங்குபவர் மேஜர் மோட்டோக்கோ குசனாகி. மூளையின் ஒரு பகுதியைத் தவிர அவரது உடல் முழுவதும் செயற்கையானது. வெளியுறவு அமைச்சரின் மொழிபெயர்ப்பாளரது மூளைக்குள் யாரோ ஊடுருவ முயல்வதைப் பிரிவு 9 கண்டறிகிறது. தடயங்கள் ஒரு குப்பை வண்டித் தொழிலாளியிடம் கொண்டு சேர்க்கின்றன. தன்னைப் பிரிந்துபோன மனைவியின் மனத்தை அறியவே தான் ஊடுருவல் நிரலை இயக்கியதாக அவன் நம்புகிறான். ஆனால் அவனுக்கு மனைவியும் இல்லை, மகளும் இல்லை. அந்நினைவுகள் வெளியிலிருந்து புகுத்தப்பட்டவை. இதற்குப் பின்னணியில் இருப்பவன் "பொம்மலாட்டக்காரன்" என்று அழைக்கப்படும் ஊடுருவலாளன் என்று தெரியவருகிறது.

இதற்கிடையில் செயற்கை உடல்களைச் செய்யும் ஒரு தொழிற்சாலையின் இயந்திரங்கள் தாமாகவே இயங்கி ஒரு பெண்ணுடலை உருவாக்குகின்றன. தப்பிச் செல்லும் அவ்வுடல் சாலையில் சரக்குந்து மோதிச் சிதைகிறது. மூளைத் திசு சிறிதும் இல்லாத அவ்வுடலில் ஆவி இருப்பதற்கான அறிகுறிகள் காணப்படுகின்றன. அதனை எடுத்துச் செல்ல வரும் பிரிவு 6 அதிகாரிகளின் முன்னிலையில் அவ்வுடல் வாய்திறந்து பேசுகிறது. தான் ஒரு மனிதன் அல்லன் என்றும், தகவல் கடலில் தோன்றிய உயிர் என்றும் கூறி அரசியல் புகலிடம் கோருகிறது. இதுவே பொம்மலாட்டக்காரன். உளவுப் பணிக்காகப் பிரிவு 6 உருவாக்கிய "திட்டம் 2501" என்னும் நிரல், வலையமைப்பில் அலைந்து தன்னுணர்வு பெற்றுவிட்டது என்பதே உண்மை.

பிரிவு 6 அவ்வுடலைக் கவர்ந்து செல்கிறது. குசனாகி அதனைத் துரத்திச் சென்று, கைவிடப்பட்ட ஓர் அருங்காட்சியகத்தில் சிலந்தி போன்ற கவச வண்டியுடன் தனித்துப் போரிட்டு உடல் சிதைகிறார். தோழர் பாட்டூ அவரைக் காப்பாற்றுகிறார். பொம்மலாட்டக்காரனின் மனத்தோடு தம் மனத்தை இணைக்கும் குசனாகியிடம், இருவரும் ஒன்றாகிப் புதிய ஓர் உயிராகலாம் என்று அது கேட்கிறது. இணைவு நிகழும் வேளையில் பிரிவு 6 இன் குறிசுடுநர்கள் இரு உடல்களையும் தகர்க்கின்றனர். எனினும் குசனாகியின் மூளை பாட்டூவால் காக்கப்படுகிறது. இறுதியில் ஒரு சிறுமியின் உடலில் கண்விழிக்கும் அவர், தாம் பழைய மேஜரும் அல்லர், பொம்மலாட்டக்காரனும் அல்லர் என்று கூறி, கண்முன் விரிந்து கிடக்கும் நகரை நோக்கிப் புறப்படுகிறார்.

முதன்மைப் பாத்திரங்கள்

மோட்டோக்கோ குசனாகி (குரல்: அட்சுக்கோ தனாக்கா): பிரிவு 9 இன் களத் தலைவர். இவரது குடும்பப் பெயர், ஜப்பானியப் பேரரசின் மூன்று புனிதச் சின்னங்களுள் ஒன்றான வாளின் பெயராகும்.

பாட்டூ (குரல்: அக்கியோ ஓட்சுக்கா): குசனாகியின் நெருங்கிய தோழர். கண்கள் உட்பட உடலின் பெரும்பகுதி செயற்கையானது.

தொகுசா (குரல்: கோயிச்சி யமதேரா): முன்னாள் காவல்துறைத் துப்பறிவாளர். குழுவில் பெரும்பாலும் இயற்கை உடலுடன் இருப்பவர், குடும்பத்தவர்.

அரமாகி (குரல்: தமியோ ஓக்கி): பிரிவு 9 இன் தலைவர்.

பொம்மலாட்டக்காரன் (குரல்: இயெமாசா கயூமி): திட்டம் 2501.

கருப்பொருள்கள்

நினைவும் அடையாளமும்

ஒருவரை அவராக ஆக்குவது அவரது நினைவே என்பது பொதுவான நம்பிக்கை. இப்படம் தன் முதற்பாதியிலேயே அந்நம்பிக்கையை அசைத்துவிடுகிறது. குப்பை வண்டித் தொழிலாளி தன் மகளின் படம் என்று தோழனிடம் காட்டும் ஒளிப்படத்தில், உண்மையில் அவனைத் தவிர வேறு மனிதர் எவரும் இல்லை. விசாரணையில் இதனைக் கேட்டு அவன் கண்ணீர் விடுகிறான். பொய்யான நினைவுகளை அகற்ற முடியுமா என்று கேட்கிறான். முழுமையாக இயலாது என்பதே விடை. இல்லாத மகளுக்காக அவன் படும் துயரம் மட்டும் உண்மையானது.

இக்காட்சியைக் குசனாகி கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. தம் மூளையைத் தாமே பார்த்தவர் எவருமில்லை. சூழவுள்ளோர் தம்மை மனிதராக நடத்துவதாலேயே தாம் மனிதர் என்று நம்புவதாகவும், தாம் முன்பே இறந்துபோய், இப்போது இருப்பது வெறும் செயற்கை ஆளுமையாக இருக்கலாம் என்றும் அவர் ஐயுறுகிறார். தொழிலாளிக்கு நேர்ந்தது தமக்கும் நேர்ந்திருந்தால் அதனைத் தம்மால் அறியவே முடியாது என்பதே அவரது அச்சம். துப்பறியும் கதையாகத் தொடங்கும் படம் இவ்விடத்தில் திசை மாறுகிறது. குற்றவாளி யார் என்னும் கேள்வி பின்னுக்குச் சென்று, துப்பறிபவர் யார் என்னும் கேள்வி முன்னுக்கு வருகிறது.

உடலும் உடைமையும்

குசனாகியின் உடல் அவருக்குச் சொந்தமானது அன்று. பணியிலிருந்து விலக எண்ணினால் செயற்கை உடலையும், மேம்படுத்தப்பட்ட மூளைப் பகுதிகளையும், அவற்றில் உள்ள பணிக்கால நினைவுகளையும் அரசிடம் திருப்பித் தரவேண்டும். படகில் பாட்டூவுடன் நிகழும் உரையாடலில் இது சில சொற்களில் கூறப்பட்டுக் கடந்து போகிறது. எனினும் படத்தின் மெய்யியல் வினா வெறும் கருத்துநிலை வினா அன்று என்பதை இதுவே உணர்த்துகிறது. "நான் யார்" என்று கேட்பவரின் உடல் மற்றொருவரின் உடைமையாக இருக்கிறது. இறுதியில் அவர் பெறும் சிறுமியின் உடல், பாட்டூ கள்ளச்சந்தையில் வாங்கியது. அரசுக்குச் சொந்தமல்லாத உடலில் அவர் வாழ்வது அதுவே முதன்முறை எனலாம்.

நிரல் உயிராகுமா?

பொம்மலாட்டக்காரனை வெறும் நிரல் என்று பிரிவு 6 அதிகாரி மறுக்கும்போது, மனிதரின் மரபணுவும் தன்னைக் காத்துக்கொள்ளும் ஒரு நிரலே என்று அது வாதிடுகிறது. உயிர் என்பதைத் துல்லியமாக வரையறுக்க அறிவியலால் இதுவரை இயலாதபோது தான் உயிர் அல்ல என்று எவரும் மெய்ப்பிக்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு. இவ்வாதத்தை அது ஒரு சட்டக் கோரிக்கையாக, அதாவது புகலிடக் கோரிக்கையாக முன்வைப்பது கவனிக்கத்தக்கது. தன்னை உருவாக்கியவரிடமிருந்தே அது பாதுகாப்புக் கேட்கிறது.

உலகளாவிய வலை பொதுமக்களிடையே பரவத் தொடங்கிய காலத்தில் வெளியானது இப்படம். மனிதரைப் போல் உரையாடும் செயற்கை அறிவு நிரல்கள் 2020 களில் பரவிய பின்னர் இக்காட்சி முன்னைவிட நெருக்கமான பொருளுடன் பார்க்கப்படுகிறது.

வேறுபாடும் இறப்பும்

படத்தின் தொடக்கப் பகுதியில் தொகுசா, தம்மைப் போன்ற சாதாரண மனிதரை இக்குழுவில் ஏன் சேர்த்தீர்கள் என்று குசனாகியிடம் கேட்கிறார். எல்லோரும் ஒரே வகையில் எதிர்வினை ஆற்றினால் அக்குழுவின் பலவீனமும் ஒன்றாகவே இருக்கும் என்றும், ஒரே திசையில் மிகுதியாகத் தேர்ச்சி பெறுவது மெதுவான அழிவே என்றும் அவர் விடையளிக்கிறார். வண்டியில் செல்லும்போது இயல்பாகச் சொல்லப்படும் இக்கருத்தே, இறுதியில் பொம்மலாட்டக்காரன் கூறும் வாதத்தின் அடித்தளமாக அமைகிறது.

பொம்மலாட்டக்காரனால் தன்னைப் படியெடுக்க முடியும். ஆனால் படி என்பது பிள்ளை ஆகாது. எல்லாப் படிகளும் ஒரே நச்சுநிரலால் அழியக்கூடும். வேறுபட்ட சந்ததியைப் பெறுவதும் இறப்பதுமே உயிரின் அடையாளங்கள் என்று அது கருதுகிறது. ஆகவே அது நாடுவது சாகாவரம் அன்று. இறக்கும் தகுதியையே அது நாடுகிறது. இயந்திர அறிவைப் பற்றிய கதைகளில் இயந்திரம் பெரும்பாலும் மனிதரை ஆளவோ அழிக்கவோ முற்படும். இப்படத்தில் அது மனிதரிடமிருந்து பெற விரும்புவது இறப்பையும் பிறப்பையும் என்பதே இதனை அக்கதைகளிலிருந்து வேறுபடுத்துகிறது.

குசனாகி உடனடியாக இணங்கவில்லை. தாம் தாமாகவே இருப்பதற்கு என்ன உறுதி என்று கேட்கிறார். அப்படி ஓர் உறுதி இல்லை. மாறாமல் இருக்கவேண்டும் என்னும் விருப்பமே அவரைக் கட்டுப்படுத்தும் எல்லை என்பது பொம்மலாட்டக்காரனின் மறுமொழி. படம் முழுவதும் தேடப்படும் "நான்" என்பது பாதுகாத்து வைக்கவேண்டிய பொருளா, மாறிச் செல்லும் ஓட்டமா என்ற கேள்வி இவ்விடத்தில் நேரடியாக வைக்கப்படுகிறது.

பாலும் பெண்ணுடலும்

பொம்மலாட்டக்காரன் பெண்ணுடலில் இருந்தபடி ஆண்குரலில் பேசுகிறது. குசனாகி பெண் தோற்றம் கொண்டவர். ஆனால் அவரது உடல் தொழிற்சாலையில் செய்யப்பட்டது, மாதவிலக்கோ மகப்பேறோ அற்றது. இதனால் பால் அடையாளம் பற்றிய ஆய்வுகளில் இப்படம் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. டோனா ஹாராவே 1985 இல் வெளியிட்ட சைபோர்க் பற்றிய கட்டுரையின் கருத்துகள் இவ்வாய்வுகளுக்குப் பின்புலமாக உள்ளன. இயக்குனர் ஓஷீ தம் அடுத்த பாகத்தில் ஒரு பாத்திரத்துக்கு ஹாராவே என்றே பெயரிட்டார்.

கார்ல் சில்வியோ 1999 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதனை ஐயத்துடன் அணுகுகிறது. வலிமை மிக்க பெண்ணை முன்னிறுத்திப் பழைய பால் வேறுபாடுகளைக் கலைப்பதுபோல் தோன்றினாலும், பெண்ணுடல் பார்வைப் பொருளாகவே காட்டப்படுவதும், சந்ததியைச் சுமக்கும் பங்கு குசனாகிக்கே தரப்படுவதும் அப்பழைய வேறுபாடுகளை மீண்டும் நிறுவுகின்றன என்பது அவரது வாதத்தின் சாரம்.

சமயப் படிமங்கள்

படகுக் காட்சியிலும் இறுதிக் காட்சியிலும் விவிலியத்தில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13 ஆம் அதிகாரத்துத் தொடர்கள் பேசப்படுகின்றன. மங்கிய கண்ணாடியில் காண்பது பற்றிய தொடர் படகிலும், குழந்தைப் பருவத்தைக் கடத்தல் பற்றிய தொடர் முடிவிலும் வருகின்றன. இவை அவ்வதிகாரத்தில் எதிர் வரிசையில் அமைந்தவை. இறுதி இணைவின்போது இறகுகள் விழுவதும், வானதூதரைப் போன்ற உருவம் தோன்றுவதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கன. ஓஷீ 1985 இல் இயக்கிய "ஏஞ்சல்ஸ் எக்" படத்திலும் கிறித்தவப் படிமங்கள் மிகுதியாக உள்ளன. எனினும் இப்படங்களில் அவை சமயப் பரப்புரையாக அன்றி, மறுபிறப்பு பற்றிய குறியீடுகளாகவே பயன்படுகின்றன.

கலை நயம்

நகரம்

நியூ போர்ட் சிட்டியின் தோற்றம் ஹொங்கொங்கை முன்மாதிரியாகக் கொண்டது. நெருங்கிய அடுக்குமாடிகள், தெருவின் மேல் தொங்கும் சீன எழுத்துப் பலகைகள், கால்வாய்கள், கூரைகளுக்கு மிக அருகில் பறக்கும் வானூர்தி ஆகியவற்றில் இதனைக் காணலாம். பழைய கட்டடங்களின் மீதே புதிய கட்டடங்கள் எழும் இந்நகரம், இயற்கை உடலின் மீது செயற்கை உறுப்புகள் பொருத்தப்பட்ட மனிதருக்கு ஒப்பாக உள்ளது.

படத்தின் நடுவில், உரையாடல் எதுவுமின்றி மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளும் நகரக் காட்சித் தொடர் ஒன்று உள்ளது. கதை இதில் ஓர் அடிகூட நகர்வதில்லை. படகில் செல்லும் குசனாகி, ஓர் உணவகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் தம் முகத்தையே கொண்ட வேறொரு பெண்ணைக் காண்கிறார். கடையின் காட்சிப் பேழையில் கைகளற்ற உடைப் பொம்மைகள் நிற்கின்றன. மழை பெய்கிறது, மஞ்சள் குடைகளுடன் சிறுவர் ஓடுகின்றனர். தம் உடல் ஒரு வார்ப்பின் பல படிகளுள் ஒன்று என்பதை இக்காட்சி ஒரு சொல்லும் இன்றிக் கூறிவிடுகிறது. விறுவிறுப்பை எதிர்பார்த்த பார்வையாளருக்கு இது தடையாகத் தோன்றினாலும், படத்தின் இதயம் என்று கருதப்படுவது இத்தொடரே.

நீரும் எதிரொளிப்பும்

படத்தின் முகப்புக் காட்சியில் குசனாகியின் உடல் செய்யப்படுகிறது. திரவத்தினுள் மிதந்து மேலெழும் அவ்வுடல் மேற்பரப்பைத் தொடும்போது புறத்தோல் உருப்பெறுகிறது. பின்னர் அவர் கடலில் மூழ்கி எழும் காட்சி இதனை அப்படியே ஒத்திருக்கிறது. கீழிருந்து எழும் அவரை நோக்கி நீர்ப்பரப்பில் அவரது எதிருரு இறங்கி வந்து அவருடன் ஒன்றுகிறது. மிதவைகள் பழுதானால் மூழ்கிவிடக்கூடிய எடையுள்ள உடலோடு அவர் ஏன் கடலில் இறங்குகிறார் என்று பாட்டூ கேட்கிறார். அச்சம், தனிமை, இருள், சில வேளைகளில் நம்பிக்கை ஆகியவற்றை உணர்வதற்காக என்பதே விடை.

எதிருருவுடன் ஒன்றும் இக்காட்சி, பொம்மலாட்டக்காரனுடன் நிகழவிருக்கும் இணைவை முன்கூட்டியே காட்டுகிறது. ஆழமற்ற நீரில் நிகழும் சண்டையிலும் இதே உத்தி உண்டு. ஒளிமறைப்பு ஆடை அணிந்த குசனாகி கண்ணுக்குத் தெரிவதில்லை. நீரில் எழும் அலைகளே அவர் இருப்பதைக் காட்டுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை அதன் விளைவுகளால் அறியும் இக்காட்சி, ஆவியைப் பற்றிய படத்தின் கருத்துக்கு ஓர் உவமையாகவும் அமைகிறது.

பொம்மையும் இமைக்காத கண்ணும்

அனிமே பாத்திரங்களின் கண்கள் பொதுவாகப் பெரியவையாகவும் உணர்ச்சி மிக்கவையாகவும் வரையப்படும். குசனாகியின் கண்களோ அரிதாகவே இமைக்கின்றன. முகத்தில் மாற்றம் மிகக் குறைவு. இதனால் அவர் பொம்மையைப் போன்று தோன்றுகிறார். அசைவூட்டப் படத்தில் எல்லாப் பாத்திரங்களுமே பிறர் கையால் இயக்கப்படும் உருவங்கள் என்பதால், உயிரற்ற ஓர் உருவத்தில் உயிர் இருப்பதாக நாம் எவ்வாறு நம்புகிறோம் என்னும் வினா பார்வையாளரையும் சேர்கிறது. கிறிஸ்டோபர் போல்ட்டன் 2002 இல் எழுதிய கட்டுரை இப்படத்தை ஜப்பானின் மரபுப் பொம்மலாட்டக் கலையுடன் ஒப்பிட்டு ஆராய்கிறது. எதிராளியின் பெயர் பொம்மலாட்டக்காரன் என்பது இவ்வொப்பீட்டுக்கு வலுவூட்டுகிறது.

அருங்காட்சியகச் சண்டை

கூரைக் கண்ணாடியின் வழியே மழைநீர் புகும் பழைய அருங்காட்சியகத்தில் இறுதிச் சண்டை நிகழ்கிறது. அதன் சுவரில் உயிரினங்களின் படிவளர்ச்சியைக் காட்டும் பெரிய மரம் செதுக்கப்பட்டுள்ளது. கவச வண்டி சுடும் குண்டுகள் அடிமரத்திலிருந்து மேலேறிச் சென்று, உச்சியில் மனிதரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை எட்டும் முன் நின்றுவிடுகின்றன. மனித இனம் படிவளர்ச்சியின் முடிவா, அல்லது அதற்கும் மேல் ஒரு கிளை உண்டா என்னும் கேள்வியை ஒரு துப்பாக்கிச் சூட்டுக் காட்சி எழுப்புகிறது.

இதனையடுத்து, கவச வண்டியின் மூடியைப் பிடித்திழுக்கும் குசனாகியின் செயற்கைத் தசைகள் புடைத்து, தோல் கிழிந்து, கைகள் பிய்ந்து போகின்றன. அதுவரை அழகும் ஆற்றலும் கொண்டதாகக் காட்டப்பட்ட உடல் இங்கு வெறும் ஓடாகிறது.

அசைவூட்ட நுட்பம்

கையால் வரையப்பட்ட படச்சுருள் அசைவூட்டமும் கணினி வரைகலையும் இப்படத்தில் கலந்து பயன்படுத்தப்பட்டன. ஒளிமறைப்பு ஆடைக் காட்சிகள், வரைபடத் திரைகள் முதலியவற்றில் கணினியின் பங்கைக் காணலாம். முகப்பில் பச்சை நிற எண்கள் ஓடிக் கலைஞர்களின் பெயர்களாக மாறுகின்றன. நிறங்களில் பச்சையும் நீலமும் சாம்பலும் மேலோங்கி நிற்கின்றன. 2008 இல் வெளியான மறுபதிப்பில் சில காட்சிகள் முப்பரிமாணக் கணினி வரைகலையில் புதிதாகச் செய்யப்பட்டன. நிறமும் செம்மஞ்சள் சார்ந்து மாற்றப்பட்டது. மூலப் படத்தின் குளிர்ந்த நிறங்களை விரும்புவோர் பலர் இம்மாற்றத்தை ஏற்கவில்லை.

இசை

கென்ஜி கவாய் அமைத்த முகப்பு இசை பழைய ஜப்பானிய மொழியில் பாடப்படும் சேர்ந்திசை ஆகும். ஜப்பானிய நாட்டுப்புறப் பாடகியர் இதனைப் பாடினர். பல்கேரிய நாட்டுப்புறப் பெண்கள் சேர்ந்திசையின் சாயல் இதில் உண்டு. தாள இசைக்கருவிகளும் மணியோசையும் தவிர வேறு ஒலிகள் மிகக் குறைவு. பாடலின் சொற்கள் தீயன விலகவேண்டிப் பாடும் திருமணப் பாடலாக அமைந்தவை.

இப்பாடல் குசனாகியின் உடல் செய்யப்படும்போதும், நகரக் காட்சித் தொடரிலும், இறுதிப் பெயர்ப்பட்டியலிலும் வெவ்வேறு வடிவில் மூன்று முறை ஒலிக்கிறது. ஓர் உடல் தொழிற்சாலையில் பிறக்கும்போது திருமணப் பாடல் ஏன் ஒலிக்கவேண்டும் என்பதற்கு விடை இறுதி இணைவிலேயே கிடைக்கிறது. ஆங்கிலப் பதிப்பின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் இதற்குப் பதிலாக பாசஞ்சர்ஸ் குழுவின் "ஒன் மினிட் வார்னிங்" என்ற இசை சேர்க்கப்பட்டது. அப்பதிப்பைப் பார்ப்போருக்கு இம்மூன்றன் ஒழுங்கு புலப்படுவதில்லை.

மூல வரைகதையுடன் ஒப்பீடு

ஷிரோவின் வரைகதை நகைச்சுவையும், தொழில்நுட்ப அடிக்குறிப்புகளும், கிளைக்கதைகளும் நிறைந்தது. அதில் வரும் குசனாகி கேலி பேசுபவர், எளிதில் சினம் கொள்பவர். ஓஷீ அவற்றை நீக்கிப் பொம்மலாட்டக்காரன் கதையை மட்டும் முதுகெலும்பாகக் கொண்டார். வரைகதையில் வரும் ஃபுச்சிக்கோமா என்னும் சிந்திக்கும் சிறு வண்டிகள் படத்தில் இல்லை. வரைகதையின் முடிவில் குசனாகிக்குக் கிடைப்பது ஆணுடல். படத்தில் அது சிறுமியின் உடலாக மாற்றப்பட்டது. இம்மாற்றம் மறுபிறப்பு என்னும் கருத்தை முன்னிறுத்துகிறது.

முடிவு பற்றிய விளக்கங்கள்

படத்தின் முடிவு இருவகையாக விளக்கப்படுகிறது. ஒரு சாரார் இதனை விடுதலையாகக் காண்கின்றனர். அரசின் கருவியாக இருந்த ஒருவர் அக்கட்டிலிருந்து நீங்கி எல்லையற்ற வலையமைப்பை அடைகிறார் என்பது அவர்கள் கருத்து. மற்றொரு சாரார் இதனை இழப்பாகக் காண்கின்றனர். தம் தனித்தன்மையை ஐயுற்றுத் தேடிய மனிதர் இறுதியில் அதனைக் கைவிட்டுவிட்டார்; எஞ்சியிருப்பது அவர் அல்லர். சூசன் நேப்பியர் 2001 இல் வெளியிட்ட அனிமே பற்றிய நூலில், உடலைக் கடந்து செல்லும் விழைவையும் அதனோடு கலந்த துயர உணர்வையும் இப்படத்தில் சுட்டிக்காட்டுகிறார்.

இரு விளக்கங்களுக்கும் படத்தில் இடமுண்டு. இறுதிக் காட்சியில் பாட்டூ வீட்டிலேயே தங்கிவிடுமாறு கேட்க, சிறுமி மறுத்துப் புறப்படுகிறாள். மீண்டும் சந்திக்கும்போது அடையாளச் சொல்லாக 2501 என்ற எண்ணை இருவரும் வைத்துக்கொள்கின்றனர். புதிய உயிரின் விடுதலையும், பழைய தோழியை இழந்தவரின் தனிமையும் ஒரே காட்சியில் அருகருகே வைக்கப்படுகின்றன. 2004 இல் வெளிவந்த அடுத்த பாகம் பாட்டூவையே முதன்மைப் பாத்திரமாகக் கொண்டது இதனோடு பொருந்துகிறது.

வரவேற்பும் தாக்கமும்

ஜப்பானியத் திரையரங்குகளில் இப்படம் பெரும் வசூல் ஈட்டவில்லை. ஆனால் 1996 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் பில்போர்ட் இதழ் வெளியிடும் நிகழ்படநாடா விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. மேற்குலகில் அனிமே பரவ "அகிரா" (1988) படத்துடன் இதுவும் முக்கிய காரணமாயிற்று. இயக்குனர் ஜேம்ஸ் கேமரூன் இதனைப் பாராட்டியுள்ளார். உரையாடல்கள் மெய்யியல் விளக்கங்களால் கனத்திருப்பதையும், அரசியல் சூழ்ச்சிகள் எளிதில் விளங்காமையையும் விமர்சகர் சிலர் குறைகளாகக் கூறினர்.

"த மேட்ரிக்ஸ்" (1999) படத்தின் இயக்குனர்களான வச்சோவ்ஸ்கி உடன்பிறப்புகள், தாம் எடுக்க விரும்புவது எத்தகைய படம் என்பதை விளக்கத் தயாரிப்பாளர் ஜோயல் சில்வருக்கு இப்படத்தைக் காட்டினர். அப்படத்தின் பச்சை நிற எழுத்து மழை, கழுத்தின் பின்புற இணைப்பு முதலியவற்றில் இதன் தாக்கத்தைக் காணலாம்.

ஓஷீ இயக்கிய அடுத்த பாகமான "இன்னொசன்ஸ்" 2004 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. கென்ஜி கமியாமா இயக்கிய "ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்" என்னும் தொலைக்காட்சித் தொடர் 2002 இல் தொடங்கியது. 2013 இல் தொடங்கிய "அரைஸ்" தொடரில் குசனாகிக்குக் குரல் கொடுத்த மாயா சகமோட்டோ, 1995 படத்தின் இறுதியில் வரும் சிறுமிக்குக் குரல் கொடுத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஸ்கார்லெட் ஜொஹான்சன் நடிப்பில் 2017 இல் அமெரிக்கத் தயாரிப்பு ஒன்று வெளிவந்தது. ஜப்பானியப் பாத்திரத்துக்கு வெள்ளையின நடிகையைத் தேர்ந்தமை கண்டனத்துக்குள்ளாயிற்று. மூலப் படம் உயர் தெளிவில் புதுப்பிக்கப்பட்டு 2021 இல் ஐமேக்ஸ் திரையரங்குகளில் மீண்டும் திரையிடப்பட்டது. குசனாகியின் குரலாக அறியப்பட்ட அட்சுக்கோ தனாக்கா 2024 ஆகஸ்ட்டில் காலமானார்.

இவற்றையும் பார்க்க

அனிமே
மங்கா
அறிவியல் புனைவு
செயற்கை அறிவு
உடல்–உள்ளம் இருமைக் கொள்கை
அகிரா (திரைப்படம்)